பெற்றோரைக் குளிர்காலத்தில் அமெரிக்காவுக்கு வரவழைக்கிறீர்களா? வாராவாரம் வரும் ஃப்ளூ கணக்கைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

2024–25 குளிர்காலத்தை, எல்லா வயதினருக்குமே தீவிரம் அதிகமான ஃப்ளூ பருவம் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி வகைப்படுத்தியது. 2017–18க்குப் பிறகு அப்படிப்பட்ட முதல் பருவம் அதுதான். அந்தக் குளிர்காலத்தில்தான் கும்பகோணத்திலிருந்து என் அம்மா நியூ ஜெர்சிக்கு வந்திருந்தார். வயது 68, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர். ஃப்ளூவில் விழுந்து, நிமோனியா வரை போய், ஆக்ஸிஜன் வைத்துப் பிழைத்தார். கணவர் வாரநாட்களில் டெக்சாஸில் வேலையில் இருந்ததால் ஏழு வயதுப் பையனையும் வைத்துக்கொண்டு நான் ஒருத்திதான் ஓடினேன். கையைவிட்டுப் போனது கிட்டத்தட்ட 11,000 டாலர், நம் பணத்தில் ஒன்பதரை லட்சம். ஆனால் இன்றுவரை மனதை அறுப்பது பணம் இல்லை. அந்த வாரங்களில் ஃப்ளூ எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற கணக்கு வாராவாரம் வெளியாகிக்கொண்டே இருந்தது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதைப் பார்க்க வேண்டும் என்றோ, பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்றோ எங்கள் வட்டத்தில் ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. விசா, இன்சூரன்ஸ், தெர்மல் உடை, விமானத்தில் வீல்சேர் என்று எல்லாவற்றுக்கும் யோசனை சொல்ல ஆள் இருந்தது. இதற்கு இல்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அம்மா வந்து இறங்கியது டிசம்பர் நடுவில். ஊரில் அடைமழைக் காலத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து போயிருந்தது. "அதான் வந்துட்டுப் போயிடுச்சே, இனிமே எனக்கு ஒண்ணும் வராது" என்றுதான் விமானம் ஏறினார். இதில் ஒரு விஷயம் இருக்கிறது. தமிழ்நாட்டில், குறிப்பாகச் சென்னை, வேலூர் பக்கம், ஃப்ளூ ஏறுவது வடகிழக்குப் பருவமழையோடு ஒட்டி, அக்டோபர், நவம்பரில். டெல்லிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் ஏறும், காஷ்மீரில் ஜனவரிக்கு மேல். அமெரிக்காவிலோ அக்டோபர் தொடக்கத்தில் வரும் 40ஆம் வாரத்தில் கணக்கெடுப்பு சூடுபிடித்து, அடுத்த வருடம் மே நடுவில் 20ஆம் வாரம் வரை போகிறது. உச்சம் பெரும்பாலும் டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில். அதாவது டிசம்பரில் வரும் நம் பெற்றோர், ஊரில் ஒரு பருவம் முடியும் நேரத்தில் கிளம்பி, இங்கே இன்னொரு பருவம் ஏறும் நேரத்தில் வந்து இறங்குகிறார்கள். அங்கே வந்து போன காய்ச்சல் ஃப்ளூவாகவே இருந்திருந்தாலும், அது வேறு வகையாக இருந்தால் இங்கே சுற்றுவது திரும்பவும் பிடிக்கும். 2024–25இல் அமெரிக்காவில் எச்1என்1, எச்3என்2 என்ற இரண்டு ஃப்ளூ வகைகளும் சேர்ந்தே சுற்றின.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்கே பார்த்தாலும் இருமல். பொங்கல் நெருங்கும்போது, ஃப்ளூ குறைந்து வருகிறது என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் செய்தி போட்டார். அது பொய்ச் செய்தி இல்லை. அந்த வாரத்து எண்கள் உண்மையிலேயே கொஞ்சம் இறங்கித்தான் இருந்தன. நம்பி, பள்ளி ஆடிட்டோரியத்தில் நடந்த பொங்கல் விழாவுக்கு எல்லோரும் போனோம். அம்மா கோலப்போட்டிக்கு நடுவராக உட்கார்ந்தார். அன்றைய படங்களில் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் அந்த இறக்கத்துக்கு என்ன அர்த்தம் என்பது எனக்கு மருத்துவமனையில் உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஃப்ளூ வந்த ஒவ்வொருவரையும் எண்ணுவதில்லை. பெரியவர்களுக்கு வரும் சாதாரண ஃப்ளூவைத் தேசிய அளவில் ஆள் ஆளாகப் பதிவு செய்யும் கட்டாயம் கிடையாது. குழந்தைகள் ஃப்ளூவால் இறந்தால் மட்டும் 2004 முதல் ஒவ்வொன்றாகப் பதிவாகிறது. மற்றபடி சிடிசி செய்வது, நாடெங்கும் ஆயிரக்கணக்கான கிளினிக்குகளிடம் இரண்டு எண்களை வாங்குவது. இந்த வாரம் மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் ஃப்ளூ மாதிரியான காய்ச்சலோடு வந்தவர்கள் எத்தனை பேர். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஒரு சதவீதம் வருகிறது. ஃப்ளூ இல்லாத மாதங்களில் வழக்கமாக இருக்கும் அளவை வைத்து ஒரு அடிக்கோடு போட்டிருக்கிறார்கள். 2024–25க்குத் தேசிய அளவில் அது 3 சதவீதம். அதைத் தாண்டினால் பருவம் ஏறிவிட்டது என்று பொருள். அந்த வருடம் டிசம்பரிலேயே தாண்டியாயிற்று.

இனி விடுமுறை வாரத்தை யோசியுங்கள். சாதாரண வாரத்தில் ஒரு கிளினிக்குக்கு 100 பேர் வருகிறார்கள், அதில் 6 பேர் காய்ச்சல்காரர்கள் என்றால் 6 சதவீதம். கிறிஸ்துமஸ் வாரத்தில் பிபி பார்க்க, மூட்டுவலி காட்ட வருகிறவர்கள் எல்லாம் தள்ளிப்போட்டுவிடுவார்கள். வருகிறவர்கள் 60 பேர்தான், காய்ச்சல்காரர்கள் அதே 6 பேர். உடனே 10 சதவீதம் ஆகிவிடும். புத்தாண்டு கழிந்து மற்ற நோயாளிகள் திரும்ப வந்ததும் சதவீதம் தானாகக் குறையும். நோய் அதே அளவில் இருந்தாலும் கணக்கு இறங்கும். அதே சமயத்தில் பள்ளிகள் திறந்து, பிள்ளைகள் கலந்து, உண்மையான ஏற்றம் ஆரம்பமாகும். 2025இல் அதுதான் நடந்தது. டிசம்பர் கடைசியில் ஒரு மேடு, ஜனவரி முதல் பாதியில் சின்ன இறக்கம், அப்புறம் பழைய மேட்டையும் தாண்டி ஏற்றம். பிப்ரவரி 1ஆம் தேதி முடிந்த வாரத்தில் கிளினிக் சதவீதம் 8ஐத் தொடப் பார்த்தது. ஆகவே ஜனவரி முதல் பாதியில் "குறைந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் இன்னும் இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். வயதானவர்களைக் கூட்டத்துக்கு அழைத்துப் போகும் முடிவை அந்த ஒரு வாரத்து இறக்கத்தை வைத்து எடுக்காதீர்கள்.

ஜனவரி கடைசி வாரத்தில் பள்ளியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார். பையனுக்கு 102. குழந்தை மருத்துவரின் அலுவலகத்தில் போனில் பேசிய செவிலியர், "சீசன் காய்ச்சல், தண்ணீர் நிறையக் கொடுங்கள், மூன்று நாளில் இறங்காவிட்டால் அழைத்து வாருங்கள்" என்றார். பரிசோதனை எதுவும் இல்லை. அவன் சீக்கிரமே எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டான். அவன் படுத்திருந்தபோது பக்கத்தில் படுத்துக் கதை சொன்னது, ரசம் சாதம் ஊட்டியது எல்லாம் அம்மாதான்.

ஒரு காலை நான் வைத்த காபி ஆடை கட்டி அப்படியே டம்ளரில் இருந்தது. எங்கள் வீட்டில் அம்மா காபியைத் தொடாமல் வைத்திருந்தால் விபரீதம் என்று அர்த்தம். "என்னம்மா பண்ணுது?" என்றால், "ஒண்ணும் இல்லடி, இந்தப் பனி ஒத்துக்கல. சுக்கு மிளகு தட்டிப் போட்டுக் குடுத்தா சரியாயிடும்" என்கிறார். தொண்டை கரகரப்பு, உடம்பு முறித்துப் போட்ட வலி, வறட்டு இருமல். தெர்மாமீட்டரில் 99.4தான். காய்ச்சல் இல்லையே என்று அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் வழக்கமாக 150, 160 காட்டும் சர்க்கரை 280 காட்டியது. வயதானவர்களுக்கு ஃப்ளூ வந்தாலும் காய்ச்சல் அடிக்காமல் இருக்கலாம். சோர்வு, பசியின்மை, சர்க்கரை எகிறுவது, சிலருக்குப் பேச்சில் குழப்பம், இவைதான் முதலில் தெரியும். சிடிசி கணக்கில் "ஃப்ளூ மாதிரியான காய்ச்சல்" என்று ஒருவரைச் சேர்க்க 100 டிகிரியோ அதற்கு மேலோ உடம்பு சுட வேண்டும், கூடவே இருமலோ தொண்டைவலியோ இருக்க வேண்டும். அந்த இலக்கணப்படி என் அம்மா அன்று அந்தக் கணக்கில் ஒரு ஆளே இல்லை. வெளியாகும் கணக்கு ஊரில் நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைச் சரியாகக் காட்டும். வீட்டில் இருமிக்கொண்டிருக்கும் பெரியவருக்கு ஃப்ளூ இருக்கிறதா என்பதற்கு அந்த 100 டிகிரியை அளவுகோலாக வைத்துக்கொள்ளக் கூடாது.

சனிக்கிழமை, முன்பதிவு இல்லாமல் போகக்கூடிய அர்ஜென்ட் கேர் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவின் விசிட்டர் இன்சூரன்ஸை அங்கே ஏற்கவில்லை. 175 டாலர் கையிலிருந்து கட்டினேன், பரிசோதனைக்குத் தனியாக 60. மூக்கில் குச்சி விட்டு எடுத்து, கால் மணி நேரத்தில் "ஃப்ளூ நெகட்டிவ், கோவிட் நெகட்டிவ்" என்று சொல்லிவிட்டார்கள். "பையனுக்குக் காய்ச்சல் இருந்தது" என்றேன். "டெஸ்ட் நெகட்டிவ்தானே, சாதாரண ஜலதோஷம்தான்" என்று அங்கே பார்த்தவர் இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் அம்மா, "பாத்தியா, நான்தான் சொன்னேனே" என்றார். எனக்கும் மனசு லேசாகிவிட்டது.

உடனே முடிவு சொல்லும் ஆன்டிஜென் பரிசோதனை, ஃப்ளூ உள்ள 100 பேரில் 50 முதல் 70 பேரைத்தான் பிடிக்கும். மீதிப் பேருக்கு நோய் இருந்தும் நெகட்டிவ் காட்டும். இங்கே ஃப்ளூ இல்லாத ஜூலை மாதத்தில் இந்த நெகட்டிவை நம்பலாம், ஏனென்றால் அப்போது இருமுகிறவர்களில் ஃப்ளூ உள்ளவர்களே அபூர்வம். ஊரெல்லாம் ஃப்ளூ இருக்கும் வாரத்தில் அதே நெகட்டிவுக்கு அந்த மதிப்பு கிடையாது. அந்த வாரம் நாடு முழுவதும் ஆய்வகங்களுக்கு வந்த மாதிரிகளில் 100க்கு 31க்கு மேல் ஃப்ளூ பாசிட்டிவ். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து போன பிறகு பாட்டி இருமுகிறார் என்றால் வாய்ப்பு இன்னும் எவ்வளவோ அதிகம். வாராந்தர ஃப்ளூ கணக்கு மருத்துவர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் மட்டும் வேண்டியது என்று இனி நான் ஒருக்காலும் நினைக்க மாட்டேன். கையில் இருக்கும் நெகட்டிவ் சீட்டை நம்பலாமா கூடாதா என்று அந்தக் கணக்குதான் சொல்கிறது. ஃப்ளூ பரவியிருக்கும் காலத்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு ஃப்ளூ என்று சந்தேகம் வந்தாலே ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கலாம் என்பதே சிடிசி மருத்துவர்களுக்குச் சொல்லும் வழிமுறை. மருந்து ஓசெல்டாமிவிர், டாமிஃப்ளூ என்ற பெயரில் நாம் கேட்டது. அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். வழக்கமாகப் பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஐந்து நாள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும் என்பதால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாமலே கூப்பன் விலையில் 50 டாலருக்குள் எனக்குப் பின்னால் கிடைத்தது. அந்த 50 டாலர் மருந்து அந்தச் சனிக்கிழமை கிடைத்திருந்தால் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

ஞாயிறு இரவு அம்மாவால் படுக்கையில் மல்லாந்து படுக்க முடியவில்லை. கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினேன். 88. விரலைத் துடைத்துவிட்டு, கையைத் தேய்த்துச் சூடாக்கி, மறுபடி மாட்டினேன். அதே 88. 911ஐக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக் குஜராத்தி ஆன்ட்டி நைட்டியின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து பையனைத் தூக்கிக்கொண்டு போனார். ஆம்புலன்ஸில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு எவ்வளவு செலவு வைக்கிறேன் பார்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டே அதைத்தான் சொன்னார்.

எமர்ஜென்சியில் படுக்கை இல்லை. நடைவழியில் வண்டியிலேயே ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருந்தார். ஆன்டிஜெனைவிடத் துல்லியமான பிசிஆர் பரிசோதனையில் ஃப்ளூ ஏ பாசிட்டிவ், எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. பணியில் இருந்த இளம் மருத்துவர் நெகட்டிவ் சீட்டைப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி வாரத்தில் இதை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை" என்று ஒரு வரி சொன்னார். "இந்த மாதிரி வாரம் என்றால்?" என்று கேட்டேன். அவர் கணினித் திரையைத் திருப்பி அமெரிக்க வரைபடத்தைக் காட்டினார். நியூ ஜெர்சியும் சுற்றியுள்ள மாநிலங்களும் அடர்ந்த நிறத்தில் இருந்தன. ஃப்ளூவியூ என்ற பெயரில் சிடிசி வெளியிடும் வாராந்தர அறிக்கை அது. அம்மா உள்ளே இருந்த இரவுகளில் நாற்காலியில் உட்கார்ந்து அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். தூக்கமும் வரவில்லை, வேறு எதையும் படிக்கவும் முடியவில்லை.

படித்ததில் வீட்டுக்கு உதவுவதை மட்டும் சொல்கிறேன். அறிக்கை வெள்ளிக்கிழமை வரும். ஆனால் அதில் இருப்பது அதற்கு முந்தைய சனிக்கிழமையோடு முடிந்த வாரம். பிப்ரவரி 1 சனிக்கிழமை முடிந்த 5ஆம் வாரத்தின் கணக்கு பிப்ரவரி 7ஆம் தேதிதான் வெளியானது. எனவே நீங்கள் பார்க்கும்போது அது கிட்டத்தட்ட ஒரு வாரம் பழையது, அடுத்த அறிக்கை வருவதற்குள் கிட்டத்தட்ட இரண்டு வாரப் பழசு ஆகிவிடும். ஏறுமுகத்தில் இருக்கும்போது, "இப்போது இதைவிட அதிகம்" என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு வந்து சேரும் தகவலால் பழைய எண்களும் கொஞ்சம் மாறும். ஒரு வாரத்து எண்ணைத் தனியாகப் பார்க்காமல் மூன்று வாரம் சேர்த்துப் பார்த்தால் போக்கு தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது ஆய்வகப் பாசிட்டிவ் சதவீதம். கிளினிக் எண்ணிக்கையில் கோவிட், ஆர்எஸ்வி என்ற இன்னொரு சுவாச வைரஸ், சாதாரணச் சளி எல்லாம் கலந்திருக்கும், ஏனென்றால் அது அறிகுறியை வைத்து எண்ணுவது. ஆய்வக எண் ஃப்ளூவை மட்டும் காட்டும். அதிலும் இரண்டு விதம் உண்டு. மருத்துவமனை ஆய்வகங்கள் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும், மாநிலப் பொதுச் சுகாதார ஆய்வகங்கள் எந்த வகை என்று பிரித்துச் சொல்லும். எச்3என்2 மேலோங்கும் வருடங்களில் முதியவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள் என்பதால் அந்த இரண்டாவதையும் ஒரு பார்வை பாருங்கள். அடுத்தது மாநில வரைபடம். மிகக் குறைவு, குறைவு, மிதம், அதிகம், மிக அதிகம் என்று நிறம் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு மாநிலத்தையும் அதன் சொந்தப் பழைய அளவோடு ஒப்பிட்டுத்தான் அந்த நிறம். டெக்சாஸும் நியூ ஜெர்சியும் ஒரே நிறத்தில் இருந்தால் இரண்டு இடத்திலும் சதவீதம் ஒன்று என்று அர்த்தம் இல்லை. என் கணவர், "இங்கேயும் அதே நிறம்தானே, இங்கே ஒண்ணும் தெரியலையே" என்றபோது இதைச் சொல்லித்தான் புரியவைத்தேன். மூன்றாவது, மருத்துவமனைச் சேர்க்கை. 2024 நவம்பர் 1 முதல் எல்லா மருத்துவமனைகளும் ஃப்ளூ, கோவிட், ஆர்எஸ்வி சேர்க்கைகளை வாராவாரம் தெரிவிப்பது மறுபடி கட்டாயமானது. இந்த எண் ஏறுகிறது என்றால் எமர்ஜென்சியில் படுக்கை கிடைக்க மணிக்கணக்கில் ஆகும். காத்திருந்து பார்க்கலாம் என்ற யோசனையை விட்டுவிட்டு, பகலிலேயே, நிலைமை முற்றுமுன் போய்விடுங்கள். கழிவுநீரில் ஃப்ளூ ஏ வைரஸை அளப்பதும் சிடிசி தளத்தில் உண்டு. கிளினிக் பக்கமே போகாதவர்களின் நோயும் அதில் தெரியும் என்பதால் முன்கூட்டியே எச்சரிக்கும். மாநிலச் சுகாதாரத் துறையும் தனியாக ஒரு வாராந்தர அறிக்கை போடுகிறது, உள்ளூர் நிலவரத்துக்கு அதுதான் நல்லது.

வாரம் ஐந்து நிமிட வேலை. ஆய்வக எண் இரண்டு மூன்று வாரமாக ஏறுகிறது, மாநிலம் "அதிகம்" என்ற நிறத்துக்குப் போய்விட்டது என்றால் எங்கள் வீட்டில் இப்போது சில வழக்கங்கள் மாறும். பெரியவர்கள் இருந்தால் கூட்டத்தில் முகக்கவசம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பரிசோதனை எடுக்காமல் விடுவதில்லை. அவனுக்குப் பாசிட்டிவ் என்று தெரிந்துவிட்டால், வீட்டிலுள்ள பெரியவருக்கு நோய் வருமுன்னே தடுப்பாக அதே மருந்தைக் கொடுப்பதா என்று மருத்துவரிடம் கேட்க முடியும். பெரியவருக்கு இருமல் என்றால் கவுன்ட்டரிலேயே இப்படிச் சொல்லுங்கள்: "வயது 68, சர்க்கரை உண்டு, வீட்டில் குழந்தைக்கு இந்த வாரம் காய்ச்சல், நம் மாநிலத்தில் ஃப்ளூ உச்சத்தில் இருக்கிறது. பிசிஆர் எடுக்க முடியுமா? முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிவைரல் தொடங்கலாமா?" இதை அப்படியே ஆங்கிலத்தில் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் வார்த்தை வராது.

தடுப்பூசி பற்றி. போட்டு இரண்டு வாரம் ஆனால்தான் பாதுகாப்பு வரும். ஆகவே கிளம்புவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே ஊரில் போட்டுக்கொண்டால் நல்லது. உலகச் சுகாதார நிறுவனம் வட அரைக்கோளத்துக்கான வைரஸ் கலவையைப் பிப்ரவரியிலும் தென் அரைக்கோளத்துக்கானதைச் செப்டம்பரிலும் அறிவிக்கிறது. இந்தியாவில் இரண்டும் கிடைக்கும், அதனால் எந்த அரைக்கோளம், எந்த வருடம் என்று கேட்டுப் பார்த்து வாங்குங்கள். இங்கே வந்து போடுவதாக இருந்தால் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கூடுதல் வீரியமுள்ள ஊசிகள் பரிந்துரைக்கப்படுகின்றன, மருந்துக்கடையிலேயே போடுவார்கள். சில கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) சுகாதாரத் துறைகள் இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கு இலவசமாகவும் போடுகின்றன. ஊசி போட்டாலும் ஃப்ளூ வரலாம். ஆனால் மருத்துவமனை வரை போகும் ஆபத்து குறையும், நமக்கு வேண்டியது அதுதான்.

பில் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. முதலில் வந்தது 41,000 டாலருக்கு. அம்மாவுக்கு நாங்கள் எடுத்திருந்தது, ஒவ்வொரு சேவைக்கும் இவ்வளவுதான் என்று தொகை நிர்ணயித்த விசிட்டர் திட்டம். மாதத் தொகை குறைவு, ஆனால் அமெரிக்க மருத்துவமனை ஒரு நாளைக்குப் போடும் பில்லில் அது ஒரு ஓரத்துக்குக்கூட வராது. சர்க்கரை நோய் முன்பே இருந்ததால் வந்த சிக்கலா என்று கேட்டு, கும்பகோணத்து மருத்துவரிடமிருந்து பழைய சீட்டுகள் வேண்டும் என்று மாதக்கணக்கில் இழுத்தார்கள். வாங்கும்போதே, செலவில் பெரும்பங்கை ஏற்கும் முழுமையான திட்டமா, பழைய நோய் திடீரென மோசமானால் தருவார்களா, உங்கள் ஊர் மருத்துவமனை அவர்கள் வலைப்பின்னலில் உண்டா, மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டுவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஊரிலிருந்து வரும்போதே கடைசி இரண்டு வருட மருத்துவச் சீட்டுகளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்து எமர்ஜென்சியில் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது இங்கே சட்டம், அதனால் பயந்துகொண்டு வீட்டில் வைத்திருக்காதீர்கள். பில் வந்ததும் கட்டிவிடாமல், ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகக் காட்டும் விவரப் பில் கேளுங்கள். லாப நோக்கில்லாத மருத்துவமனைகள் நிதியுதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம், விண்ணப்பம் கேட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸ் கொடுத்தது போக, இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கான தள்ளுபடியும் பேசி, மீதி 9,000 சொச்சத்தைத் தவணையில் கட்டினேன். ஆம்புலன்ஸ், மருந்து, மாற்றிய விமான டிக்கெட், சம்பளமில்லா விடுப்பு எல்லாம் சேர்ந்துதான் 11,000.

அம்மா மார்ச்சில் மருத்துவரின் பயணச் சான்றிதழோடு ஊர் திரும்பினார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது சித்திரை முழுக்க இருந்தது, இப்போது இல்லை. பேரனின் அரங்கேற்றத்துக்குத் திரும்ப வர வேண்டும் என்கிறார், அது பிப்ரவரியில். மே கடைசியில், பருவம் முடிந்தபின் வா என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. "அப்படின்னா முதல்ல ஊசி போட்ட சீட்டை வாட்ஸ்அப்ல அனுப்பும்மா, அப்புறம் டிக்கெட் போடறேன்" என்று சொல்லியிருக்கிறேன். போன வாரம் அனுப்பிவிட்டார். இன்று விசிட்டர் இன்சூரன்ஸுக்கு மூன்று இடத்தில் விலை கேட்டிருக்கிறேன்.